அத்தான் கொடுத்த நற்சாட்சி

ஹராரே
14 பிப்ரவரி 1994

அன்புள்ள ஷுவாய் அக்காவுக்கு,

நீங்கள் எல்லோரும் நலமாக இருந்தால் நானும் இருக்கிறேன். உன் பெண் ருவிம்போ பள்ளிக்கூடம் போகிறாளா? உன் காதுவலி தேவலையா? கிறிஸ்துமஸுக்கு நீ அப்பா வீட்டுக்கு வராததற்கு அந்தக் காதுதான் காரணம் என்று எஸ்நாத் அத்தை சொன்னாள். காதுவலிக்காகப் பண்டிகையை விட்ட முதல் ஆள் நம் வம்சத்திலேயே நீதான்.

இறையியல் கல்லூரியில் கடைசி வருடம் தொடங்கிவிட்டது. வகுப்பில் இன்னமும் நான் ஒருத்திதான் பெண். போன வாரம் சிலுவையைப் பற்றிக் கட்டுரை வாசித்தேன். அடிபட்டுக்கொண்டு பொறுமையாக இருக்கும் பெண் கிறிஸ்துவின் பாடுகளில் பங்கு பெறுகிறாள் என்று நம் போதகர்கள் சொல்கிறார்களே, அப்படிச் சொல்வது யாருக்கு வசதி என்று கேட்டேன். ஒருத்தி வாங்குகிற அடியால் இன்னொருத்தருக்கு மீட்பு வரும் என்றால் அந்த மீட்பே வேண்டாம் என்று முடித்தேன். பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்தான். "சகோதரி, சிலுவையையும் பிடுங்கிட்டீங்கன்னா கோயில்ல என்னதான் மிச்சம் இருக்கும்?" என்றான். "சாப்பாட்டு மேஜை இருக்கும். எல்லாரும் உக்காந்து சாப்பிடலாம்" என்றேன். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

ஆகஸ்டில் திருச்சபைப் பேரவை கூடுகிறது. எனக்குக் குருப்பட்டம் கிடைக்க வேண்டுமானால் என் சொந்த ஊர்த் திருச்சபைச் சேகரத்திலிருந்து நற்சாட்சி வர வேண்டும். நம் சேகரத்துக்குச் செயலாளர் யார்? சாட்சாத் உன் வீட்டுக்காரர்! சின்னப் பெண்டாட்டி என்று என்னைக் கேலி செய்கிறாரே ஜோசையா அத்தான், அதற்குக் கூலியாக ஒரு கையெழுத்துப் போடச் சொல்.

உன் தங்கை
முச்சனேட்டா


புஹேரா
6 மார்ச் 1994

அன்புத் தங்கை முச்சாவுக்கு,

நீ இருந்தால் நாங்களும் இருக்கிறோம். காது பரவாயில்லை. கொஞ்சம் சீழ் வந்தது; மருந்தகத்தில் சொட்டு மருந்து கொடுத்தார்கள். இடது பக்கம் நின்று பேசுகிறவர்களுக்குத்தான் சிரமம், எனக்கு ஒரு சிரமமும் இல்லை.

அந்தப் பெரிய வறட்சி வாட்டியதற்கு ஈடாக இந்த வருடம் மழை பெய்திருக்கிறது. சோளம் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. வேர்க்கடலையை நானும் ருவிம்போவும்தான் களை எடுத்தோம்.

உன் கடிதத்தை அத்தான் பள்ளிக்கூடத்திலேயே பிரித்துப் படித்துவிட்டார். அவர் தலைமையாசிரியர் ஆன பிறகு நம் தபால் எல்லாம் அவர் மேஜைக்குத்தான் போகிறது. வீட்டுக்கு வந்து எனக்கும் உரக்கப் படித்துக் காட்டினார். "உன் தங்கச்சிக்கு இருக்கிற வாய்க்கு எந்த ஊர்ல விட்டாலும் பொழச்சிக்குவா" என்றார். எனக்கு ஒரு சந்தேகம். எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடலாம், சரி. களி கிண்டுவது யார்? அதையும் கட்டுரையில் எழுது.

வியாழக்கிழமைகளில் கோயில் மாதர் சங்கம் தவறுவதில்லை. சிவப்புச் சட்டையும் வெள்ளைத் தொப்பியும் போட்டுக்கொண்டால் அங்கே நான் யார் பெண்டாட்டியும் இல்லை, வெறும் ஷுவாய். அந்த ஒரு மத்தியானம் எனக்குப் பிடித்திருக்கிறது.

நீ எழுதும்போது அத்தானுக்கும் இரண்டு வரி எழுது. இந்தக் கடிதத்தையும் அவர்தான் தபாலில் சேர்க்கிறார்.

உன் அக்கா
ஷுவாய்


ஹராரே
27 மார்ச் 1994

அக்கா,

இது தபாலில் வராது. உங்கள் மருந்தகத்து நர்ஸ் லிலியோசா பயிற்சிக்காக இங்கே வந்திருக்கிறாள். நான் நோயாளிகளைப் பார்க்கப் போகும் ஆஸ்பத்திரியில் தற்செயலாகச் சந்தித்தேன். அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடு.

நலமா என்று கேட்க மாட்டேன். எனக்குத் தெரிந்துவிட்டது. உன் காது எப்படி இருக்கிறது என்று அவளிடம் விசாரித்தேன். அந்தப் பெண் பக்கத்தில் யாரும் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, "செவிப்பறை கிழிஞ்சிருக்கு. அது தானா கிழியாதும்மா" என்றாள்.

எத்தனை காலமாக நடக்கிறது இது? கல்யாணமான புதிதில் வாசற்படியில் விழுந்து பல் போயிற்று என்றாயே, அதுவும் இதுதானா? ஞாயிற்றுக்கிழமை வேதம் வாசிக்கும் அத்தானின் அந்தக் குரலை இனி எப்படிக் கேட்டுக்கொண்டு உட்காருவேன்? நான் இங்கே உட்கார்ந்து ஊரார் வீட்டுப் பெண்களுக்காகக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எஸ்நாத் அத்தைக்கு எழுதிவிட்டேன். முறைப்படி அவளிடம்தானே போக வேண்டும்? அப்பாவின் தங்கை, உன் கையைப் பிடித்துக் கொடுத்தவள். மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் நின்று கேள்வி கேட்கும் உரிமை அவளுக்குத்தான். என் கட்டுரைகளைவிட அவள் நாக்கு கூர்மை. இனி அவள் பார்த்துக்கொள்வாள்.

முச்சா


புஹேரா
1 மே 1994

அன்புத் தங்கை முச்சாவுக்கு,

நீ இருந்தால் நாங்களும் இருக்கிறோம். லிலியோசா மறுபடி ஹராரே வருகிறாள் என்றதால் அவளிடமே இதைக் கொடுக்கிறேன்.

அத்தை வந்தாள். கல்யாணப் பேச்சுக்கு நடுவராக இருந்தவரையும் சித்தப்பாவையும் அழைத்துக்கொண்டு, எல்லாம் முறைப்படிதான். அவர்களைப் பார்த்ததும் அத்தான் தொப்பியைக் கழற்றினார். தரையில் உட்கார்ந்து உள்ளங்கைகளைக் குவித்து மெல்லத் தட்டி வணங்கினார். எதையும் மறுக்கவில்லை. "தப்பு என்னுதுதான் அத்தை. கோபம் கண்ண மறைச்சிடுச்சு. என்ன அபராதம் போட்டாலும் கட்டிக்கிறேன்" என்றார். இப்படிச் சொல்கிற மனுஷனிடம் வேறென்ன கேட்பார்கள்? ஒரு ஆடு அபராதம் என்று முடிவாயிற்று.

பட்டியில் கொழுத்து நின்ற ஆட்டை அவரே பிடித்து வந்தார். நான் முட்டை விற்றுக் குட்டியாக வாங்கி வளர்த்த ஆடு அது என்பது அங்கே யாருக்கும் ஞாபகம் வரவில்லை. சித்தப்பா அறுத்தார். நான்தான் சமைத்தேன்; வேறு யார் சமைப்பார்கள்? முழங்காலிட்டு அத்தானுக்கு முதலில் பரிமாறினேன். கறி பூப்போல வெந்திருந்தது. "மாப்பிள்ளைன்னா இப்படி பணிவு வேணும்" என்று சித்தப்பா வாய் நிறையப் பாராட்டினார். ஒரு தொடையை அத்தைக்குக் கட்டிக் கொடுத்தோம். எல்லோரும் சந்தோஷமாகப் போனார்கள்.

மறுநாள் அத்தானுக்கு விடுமுறை, வீட்டிலேயே இருந்தார். என் கையெழுத்து கோணலாக இருக்கிறது என்று நினைக்காதே. இதை இடது கையால் எழுதுகிறேன்.

நீ நல்லதுக்குத்தான் செய்தாய். இனிமேல் செய்யாதே.

உன் அக்கா
ஷுவாய்


ஹராரே
12 மே 1994

என் அருமை அக்காவுக்கு,

உன் வலது கை எப்படி இருக்கிறது? கட்டுப் போட்டார்களா? என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. முறை, முறை என்று போனேன். முறையைப் பார், ஆட்டைத் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு போய்விட்டது.

வேதத்தில் ஒரு கதை இருக்கிறது, கோயிலில் யாரும் பிரசங்கம் செய்வதில்லை. ஒரு பெண் புருஷனை விட்டு ஓடி அப்பன் வீட்டுக்கு வருகிறாள். புருஷன் தேடி வருகிறான். அப்பன்காரன் மாப்பிள்ளையை இரு, சாப்பிடு, குடி என்று நாள் கணக்கில் உபசரிக்கிறான். ஆண்கள் இருவரும் தின்று தீர்த்த பிறகு பெண்ணை அவனோடு அனுப்பிவிடுகிறான். அவள் வழியிலேயே கெட்டு அழிகிறாள். கதை முழுக்க அவள் ஒரு வார்த்தை பேசுவதில்லை. இதை நேற்று வகுப்பில் படித்தபோது எனக்கு ஆட்டுக்கறி வாசனை வந்தது. எழுந்து வெளியே போய்விட்டேன்.

போதும். நீ கிளம்பி வா. அடுத்த வெள்ளிக்கிழமை அத்தான் ஆசிரியர் கூட்டத்துக்கு முத்தாரே போகிறார் என்று லிலியோசா சொன்னாள். இனி நம் கடிதங்கள் எல்லாம் மருந்தகத்துக்கு, அவள் பெயரில்தான். ருவிம்போவைக் கூட்டிக்கொண்டு காலை பஸ்ஸில் ஏறிவிடு. கல்லூரிச் சமையற்கட்டு அக்கா ஒருத்தி தன் அறையில் இடம் தருகிறேன் என்றிருக்கிறாள். ம்பாரே பஸ் நிலையத்தில் நிற்பேன். துணிகூட வேண்டாம், ஆள் வந்தால் போதும்.

முச்சா


ஹராரே
29 மே 1994

அக்கா,

நலமாக இருக்கிறாயா? அதை மட்டுமாவது எழுது.

வெள்ளிக்கிழமை நின்றேன். புஹேரா பஸ் வந்தது. கோழிக்கூடைகளும் சோள மூட்டைகளும் ஒவ்வொன்றாக இறங்கின. நீ இறங்கவில்லை. அடுத்த பஸ்ஸிலும் இல்லை. கூரையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவனிடம் அடையாளம் சொல்லிக் கேட்டேன். "தலைய மூடிக்கிட்டு வர்ற பொம்பளைங்க தெனமும் வருவாங்கக்கா, நான் யாரன்னு பாக்குறது?" என்றான். சனிக்கிழமையும் போய் நின்றேன்.

பயமாக இருக்கிறது.

முச்சா


புஹேரா
19 ஜூன் 1994

அன்புத் தங்கை முச்சாவுக்கு,

நீ இருந்தால் நாங்களும் இருக்கிறோம். என் கை ஆறிவிட்டது, பார், எழுத்து நேராகிவிட்டது. உன்னை வீணாக நிற்க வைத்துவிட்டேன், மன்னித்துக்கொள்.

கிளம்பினேன், முச்சா. கிளம்பாமல் இல்லை. ஆனால் ஹராரேவுக்கு வந்தால் அத்தான் நேரே உங்கள் கல்லூரி முதல்வர் அறையில்தான் வந்து உட்காருவார். அது உனக்கு நல்லதல்ல. அதனால் அப்பா வீட்டுக்குப் போனேன்.

அங்கே இருந்தபோது வியாழக்கிழமை வந்தது. சட்டையைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனேன். போதகரம்மா வாசலிலேயே நிறுத்தி ஓரமாக அழைத்துப் போனாள். பாவம், அவளுக்கும் கண் கலங்கியது. "விதி நான் எழுதுனதில்ல ஷுவாய். புருஷன் வீட்ல இல்லாதவ இத போடக்கூடாது" என்றாள். அறைக்குள் போய்க் கழற்றிக் கொடுத்தேன். தொப்பியையும் வாங்கி, ஒரு பிளாஸ்டிக் பையில் மடித்து வைத்துக்கொண்டாள். உள்ளே பாட்டு கேட்டது. நான் வெளியிலேயே நின்றுவிட்டு வந்தேன். அத்தான் அடித்ததற்கு நான் இப்படி அழுததில்லை.

ஞாயிற்றுக்கிழமை அத்தான் அப்பா வீட்டுக்கு வந்தார். பேசினார். நான் மூட்டையைக் கட்டிக்கொண்டு அவரோடு திரும்பிவிட்டேன். சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கோழிகளைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் இல்லை, ருவிம்போவுக்கும் பரீட்சை.

ஏன் என்று கேட்டு எழுதாதே. நன்றாகப் படி.

உன் அக்கா
ஷுவாய்


ஹராரே
3 ஜூலை 1994

அக்காவுக்கு,

நலம். நீ நலமா என்று கேட்பதில் அர்த்தமில்லை.

ஒரு சிவப்புச் சட்டைக்காகவா? கையை ஒடித்தவன் வீட்டுக்கு, காதைக் கிழித்தவன் வீட்டுக்கு, ஒரு சட்டைக்காகவும் நாலு கோழிக்காகவும் திரும்பிப் போனாயா? இரண்டு நாள் பஸ் நிலையத்தில் பைத்தியக்காரி மாதிரி நின்றேன். உன்னைக் கட்டி இழுத்து வர முடியாது. சங்கிலி கனக்கிறது என்று நீ சொன்னால் அறுக்கலாம், அழகாக இருக்கிறது என்றால் நான் என்ன செய்ய? கோபத்தில் எழுதுகிறேன். கோபப்பட வேறு ஆள் எனக்குக் கைக்கு எட்டவில்லை.

இன்னொன்று. சேகரத்திலிருந்து என் நற்சாட்சி வந்துவிட்டது. முதல்வர் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார். தேவபயமுள்ள குடும்பம், குறை சொல்ல ஒன்றுமில்லை என்று அத்தான் தாராளமாக எழுதியிருக்கிறார். எதையாவது சொல்லிக் கெடுப்பார் என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். எப்படிப் புரிந்துகொள்வது இந்த மனுஷனை?

முச்சனேட்டா


புஹேரா
22 ஜூலை 1994

முச்சனேட்டாவுக்கு எஸ்நாத் அத்தை சொல்லி எழுதுவது.

நீ இருந்தா நாங்களும் இருக்கோம். பக்கத்து வீட்டுப் பொண்ணு எழுதுது, நான் சொல்லச் சொல்ல. எனக்கு மூட்டுவலி, அது கெடக்கட்டும்.

உங்கக்காவுக்கு நீ எழுதின கடுதாசியப் பாத்தேன். சட்டைக்கு ஆசைப்பட்டு போனான்னு எழுதியிருக்கே. அத படிச்சிட்டு அவ சிரிச்சா. அப்புறம் பாத்திரம் கழுவப் போனா. எனக்குத்தான் மனசு கேக்கல. சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கா, ஆனா நான் சொல்லாம செத்தேன்னா என் ஆவி அலையும்.

அன்னிக்கி ஜோசையா உங்கப்பன் வீட்டுக்கு வந்தான்ல? கத்தல, மெரட்டல. தண்ணி வாங்கி குடிச்சான். உன் பேர் எழுதின பேரவைக் காகிதத்த மடியில வெச்சிக்கிட்டு மெதுவாத்தான் சொன்னான். "அக்கா புருஷன் வீட்ட விட்டு ஓடுனவ. தங்கச்சி தேவனோட வீட்ட ஆளத் தகுந்தவன்னு நான் எப்படி மாமா எழுதுறது? எழுதினா பொய் சாட்சி இல்லையா?" உங்கப்பன் தரையப் பாத்தான். பக்கத்துல உக்காந்திருந்த நானும்தான். நியாயத்த கேட்டியா? அடிச்சவனுக்கு பொய் சாட்சி சொல்ல பயமாம்!

யாரும் அவள போகச் சொல்லல. அவளா எந்திரிச்சா. மூட்டையக் கட்டிக்கிட்டு வாசல்ல வந்து நின்னு, "இப்ப எழுதுங்க" அப்படின்னா. அவனும் எழுதினான். பேனா உங்கப்பனோடது.

நான் வாங்கிட்டுப் போன ஆட்டுத்தொடை எனக்கு இன்னிக்கி வரைக்கும் செரிக்கல. உனக்கு என்ன செய்யத் தோணுதோ செய்.

அத்தை


ஹராரே
30 ஜூலை 1994

அக்கா,

உன் உடம்பு எப்படி இருக்கிறது?

அத்தை எழுதிவிட்டாள். அவளைத் திட்டாதே. நான் உனக்கு எழுதியதை எங்கே கொண்டுபோய் அழிப்பேன்?

நான் விலகப்போகிறேன். பேராயரைப் பார்த்து எல்லாவற்றையும் சொல்லி, என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று கேட்பேன். உன் உடம்பின் மேல் ஏறி நின்று நான் பிரசங்க மேடைக்குப் போக மாட்டேன். ஆசிரியை வேலை தேடிக்கொள்வேன். ஒரு அறை பிடிப்பேன். நீ வா. இப்போதாவது வா.

முச்சா


புஹேரா
11 ஆகஸ்ட் 1994

அன்புத் தங்கை முச்சாவுக்கு,

நீ இருந்தால் நாங்களும் இருக்கிறோம். உடம்பு நன்றாக இருக்கிறது. ருவிம்போ பரீட்சையில் தேறிவிட்டாள்.

நீ படித்தவள். நீ சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஒருத்தி படுகிற அடியால் இன்னொருத்தருக்கு ஒன்றும் கிடைக்கக்கூடாது. ஆனால் பட்டாகிவிட்டதே முச்சா. இனி என்ன செய்யச் சொல்கிறாய்? நீ குருவானால் நான் எதற்கோ பட்டேன் என்று இருக்கும். நீ விலகினால் அது வெறும் அடி. வெறும் அடியை வைத்துக்கொண்டு நான் எப்படி இந்த வீட்டில் காலையில் எழுந்து அடுப்பு மூட்டுவேன்?

இன்னொன்றும் யோசி. பேராயரிடம் நீ சொன்னால் அவர் அத்தானைக் கூப்பிட்டுக் கேட்பார். கேட்டு, ஜெபம் செய்து, கை கொடுத்து அனுப்புவார். அதன் பிறகு அத்தான் வருவது இந்த வீட்டுக்குத்தான். அங்கே நீ இருக்க மாட்டாய்.

என்னைக் காப்பாற்ற வேண்டும் என்றால் பட்டத்தை வாங்கிக்கொள். வேறு வழி இருந்தால் நான் யோசித்திருக்க மாட்டேனா? குருப்பட்ட ஆராதனைக்கு மாதர் சங்கம் முழுவதும் லாரியில் வருகிறோம். வேர்க்கடலை வறுத்துக் கொண்டுவருகிறேன்.

உன் அக்கா
ஷுவாய்


ஹராரே
4 செப்டம்பர் 1994

அக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்த்தேன். எப்படி இருக்கிறாய் என்று கேட்க விடாமல் உன்னைச் சுற்றி அத்தனை பேர். நீ லாரி ஏறும்வரை ஒரு நிமிடம் தனியாகக் கிடைக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பேராயரிடம் நான் போகவில்லை. அவர் அறை வாசல்வரை ஒருநாள் போனேன். உன் கடிதம் கைப்பையில் இருந்தது. நீ சொன்ன ஜெபமும் கைகுலுக்கலும் கண் முன்னால் வந்தன. திரும்பிவிட்டேன். அப்புறம் அங்கி தைக்க அளவு கொடுத்தேன்.

நான் முழங்காலிட்டிருந்தபோது அத்தான் எழுந்து என் குடும்பத்தைப் பற்றிப் பேசினாரே, நீ கேட்டிருப்பாய், உன் வலது காதுப் பக்கம்தான் அவர் நின்றார். நல்ல குரல் அவருக்கு. கோயிலே குலவையிட்டது. பிறகு பேராயர், இவளைக் குறித்துத் தடை சொல்ல இங்கே யாராவது உண்டா என்று கேட்டார். கோயில் அமைதியானது. அந்த அமைதியில் நான் எழுந்திருக்கத்தான் பார்த்தேன், அக்கா. வாயைக்கூடத் திறந்துவிட்டேன். முன்வரிசையில் யாரோ பாட்டைத் தொடங்கினார்கள். சிவப்புச் சட்டைகள் எல்லாம் எழுந்து சேர்ந்து பாடின. பேராயர்கூடச் சிரித்துக்கொண்டு பொறுத்திருந்தார். முதல் குரல் யாருடையது என்று எனக்குத் தெரியாதா?

எழுந்திருந்து மட்டும் என்ன சொல்லியிருப்பேன்? இதை எழுதும்போதுகூட எனக்குத் தெரியவில்லை.

திருவிருந்துக்குப் புதிய குருவானவள்தான் அப்பம் கொடுக்க வேண்டும் என்றார்கள். சேகரச் செயலாளர் என்பதால் அத்தான் முதலில் வந்து முழங்காலிட்டார். உள்ளங்கைகளை நீட்டினார். உங்களுக்காகக் கொடுக்கப்பட்ட சரீரம் என்று சொல்லி அந்தக் கைகளில் வைத்தேன். அவர் ஆமென் சொல்லி உண்டார். அவருக்குப் பக்கத்தில் நீ. உனக்கும் அதையே சொன்னேன். வேறு வார்த்தை எனக்குக் கற்றுக்கொடுக்கப்படவில்லை. நீ நிமிர்ந்து என்னைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஆமென் என்றாய்.

நான் அடுத்தவரிடம் நகர்ந்தேன்.

முச்சா